கோயில் பக்கம் இழுத்த பள்ளி வண்டி

எனக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் கையெழுத்து மட்டும் அச்சடித்த மாதிரி இருக்கும். கல்யாணப் பத்திரிகை உறைகளுக்கு விலாசம் எழுத எங்கள் ஊர் போலகத்தில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்த நல்ல கையெழுத்தில், பிள்ளையார் சுழி போட்டு, ஒரு பொய்யை எழுதிக் கையொப்பமும் வைத்தவன் நான். எழுதும்போது அது பொய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாமல் எழுதினேன் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காரைக்காலில் ஒரு தனியார் பள்ளியில் பதினாறு வருஷம் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றேன். அதற்கு முன்னால் நெல் லாரி. எங்கள் ஓட்டுநர் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் படிப்பதற்காக, வயதானவர்கள் ஆளுக்கு ஒரு அனுபவம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்கள் விபத்தே இல்லாமல் ஓட்டிய கதையை எழுதுவார்கள். நானும் விபத்தே இல்லாமல் ஓட்டியவன்தான். அதில் என் பங்கு எவ்வளவு என்பதைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

1. புது வண்டி

இரண்டாயிரத்து ஏழா எட்டா என்று சரியாக நினைவில்லை. பள்ளிக்கு ஒரே நாளில் இரண்டு புது வண்டிகள் வந்தன. ஒன்று எனக்கு, இன்னொன்று காதர் பாய்க்கு. பாய் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பேச்சு குறைவு. பேசினால் அது பெரும்பாலும் கிரீஸைப் பற்றியோ டயரைப் பற்றியோ இருக்கும்.

சாவி கைக்கு வந்ததும் பாய் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். நான் பூ வாங்க ஓடினேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன். ஸ்டியரிங் நடுவில் மூன்று பட்டை விபூதி, அதன் மேல் சந்தனம், அதன் மேல் குங்குமம். கண்ணாடியின் இரண்டு பக்கமும் மல்லிகைச் சரம். டேஷ்போர்டில் பிள்ளையார், முருகன், அம்மன், மூன்று பேரும் வரிசையாக.

பள்ளியின் தாளாளர் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எல்லாம் நல்லாத்தான்யா இருக்கு, கலியபெருமாள். ரோடு தெரியிற மாதிரி கண்ணாடியில கொஞ்சம் எடம் விடு."

என் ரூட் இதுதான். வண்டி இரவில் போலகத்தில் என் வீட்டுக்கு எதிரில் நிற்கும். காலையில் அங்கே முதல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பட்டினச்சேரி, அப்புறம் திருமலைராயன்பட்டினம், டவுன் வழியாகக் கோவில்பத்தில் பள்ளி. மொத்தம் நாற்பத்திரண்டு பிள்ளைகள். கூட வரும் ஆயா மல்லிகா, பட்டினச்சேரிக்காரி. வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். பள்ளி வேலைக்கு வருவதற்கு முன் மல்லிகா தலையில் கூடை வைத்து மீன் விற்றவர். அந்தக் குரல் அப்படியே இருந்தது. அதனால் என் வண்டிக்கு ஹாரன் அதிகம் தேவைப்பட்டதில்லை.

2. அம்மன் ஆட்டம்

திருமலைராயன்பட்டினத்தில் கடைசிப் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு மெயின் ரோட்டில் போனால் ஒரு சின்ன வளைவு வரும். காலையில் போகும்போது இடது கைப் பக்கம் ஒரு அம்மன் கோயில். கோயிலை ஒட்டி, ரோட்டு ஓரத்திலேயே அதன் குளம். தடுப்புச் சுவர் கிடையாது.

அந்த வளைவில் ஸ்பீடு பிரேக்கர் உண்டு. மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு இறங்க என் இடது கை கியர் ராடுக்குப் போகும். அதே நேரத்தில் கோயில் தெரியும். வலது கை ஸ்டியரிங்கை விட்டு நெற்றிக்குப் போகும், அங்கிருந்து நெஞ்சுக்கு வரும். லாரி ஓட்டிய காலத்திலிருந்து இருக்கும் பழக்கம் அது. அந்த இரண்டு நொடி ஸ்டியரிங்கில் யாருடைய கை இருந்தது என்று கேட்கிறீர்களா? அம்மனுடைய கை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

வண்டி வந்து கொஞ்ச காலம் கழித்து ஒரு நாள் காலை, நான் கும்பிட்ட அந்த இரண்டு நொடியில் வண்டி மெல்ல இடது பக்கம், கோயில் பக்கமாகச் சாய்ந்தது. கையை வைத்ததும் நேராகிவிட்டது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வண்டியே அம்மனைக் கும்பிடுகிறது என்று முடிவு கட்டினேன்.

வேறு எவனாவது இதைச் சொல்லியிருந்தால், "போய் அலைன்மெண்ட் பாருடா" என்று சொல்லியிருப்பேன். நமக்கு என்று வரும்போது தோன்றவில்லை.

வீட்டில் சொன்னேன். டீக்கடையில் சொன்னேன். வெள்ளிக்கிழமை கோயில் பூசாரியிடம் சொல்லி ஒரு மாலை கூடுதலாக வாங்கிக்கொண்டேன். பிள்ளைகளுக்கு இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. கோயில் வருவதற்கு முன்பே எல்லாரும் தயாராக இருப்பார்கள். வண்டி சாயும்போது நாற்பத்திரண்டு பேரும் சேர்ந்து இடது பக்கம் சாய்ந்து, "ஓஓஓ..." என்று ஒரு சத்தம். அதற்கு அம்மன் ஆட்டம் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நானும் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பேன். நாற்பத்திரண்டு பிள்ளைகள் குளத்துப் பக்கம் சாய்வதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறேன்.

3. கம்பெனிக் கடிதம்

ஆறு மாதம் போல ஆகியிருக்கும். தாளாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேசையில் ஒரு இங்கிலீஷ் கடிதம்.

"நம்ம வண்டி செஞ்ச கம்பெனியிலேர்ந்து வந்துருக்கு. ஒரு தொகுதி வண்டியில ஸ்டியரிங்குக்குப் போற பால் ஜாயிண்ட் சீக்கிரம் தேயுதாம். சேஸிஸ் நம்பர் போட்டுருக்கான். நம்ம ரெண்டு வண்டியும் அதுல இருக்கு. ரீகால் பண்ணுறாங்களாம்."

ரீகால் என்ற வார்த்தையை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

"வண்டியத் திருப்பி எடுத்துக்குவாங்களா சார்?" என்று கேட்டேன்.

"கும்பகோணத்து சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனா காசில்லாம மாத்தித் தர்றானாம்யா. அவ்வளவுதான்."

அவர் சொன்னது என் காதில் ஏறவில்லை. கொண்டு போனால் அங்கேயே நிறுத்திக்கொண்டு வேறு வண்டியைக் கொடுத்து அனுப்பிவிடுவார்களோ என்றே நினைத்தேன். அம்மனைக் கும்பிடும் வண்டி எனக்கு இன்னொன்று கிடைக்குமா?

அதோடு காரைக்காலில் ஒரு சங்கடம் உண்டு. எந்தப் பக்கம் கொஞ்ச தூரம் போனாலும் தமிழ்நாடு வந்துவிடும். எங்கள் வண்டி பாண்டிச்சேரி ரிஜிஸ்ட்ரேஷன். எல்லையைத் தாண்ட டெம்பரவரி பர்மிட் எடுக்க வேண்டும். அதற்கு அலைந்து, கும்பகோணம் போய், வேலை முடித்துத் திரும்ப மூன்று நான்கு நாளாகும். இரண்டு வண்டியையும் ஒரே சமயத்தில் அனுப்பினால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

"ஒண்ணொண்ணாத்தான் அனுப்ப முடியும். கோளாறு தெரியிற வண்டி முதல்ல போவட்டும். காதர், உன் வண்டி எப்புடி?"

"ஆட்டம் இருக்கு சார். ஒத்தக் கையில புடிச்சா ஓரமா ஓடுது," என்றார் பாய்.

நான் சிரித்தேன். "பாய்க்கு வயசாயிடுச்சு சார். கை தளந்துடுச்சு."

"உன் வண்டி?"

"என் வண்டியா? ஒரு கொறையும் கெடையாது சார். எழுதியே தர்றேன்."

கடிதத்தோடு ஒரு படிவம் இருந்தது. ஓட்டுநர் என்ன உணர்கிறார் என்று அவரே எழுத வேண்டிய இடம். ஆபீஸ் கிளார்க் காட்டிய இடத்தில் பிள்ளையார் சுழி போட்டு, முத்து முத்தாக எழுதினேன்: 'வண்டியில் எந்தக் குறையும் இல்லை. ஸ்டியரிங் மிக நன்றாக உள்ளது. அம்மன் துணை.' கீழே கையொப்பம்.

பிற்பாடு கும்பகோணத்திலிருந்து கிளார்க்குக்குப் போன் வந்ததாம். ஸ்டியரிங் பார்ப்பது ஓட்டுநர் மட்டும்தானா, அம்மன் என்பவரும் துணைக்கு இருக்கிறாரா, அவர் யார், கிளீனரா என்று கேட்டார்களாம்.

வெளியே வந்ததும் பாய் என்னை நிறுத்தினார்.

"தம்பி, நெசமாவே ஒண்ணும் இல்லியா? ரெண்டும் ஒரே நாள்ல வந்த வண்டி."

"பாய், உங்க ரூட்டுல அம்மன் கோயில் இல்ல. அதான் உங்களுக்கு வெளங்கல," என்று முழுக் கதையையும் சொன்னேன்.

கேட்டுவிட்டுப் பாய் சொன்னார்:

"கோயிலுக்கும் பால் ஜாயிண்ட்டுக்கும் என்னா தம்பி சம்பந்தம்? புள்ளைங்க நம்மகிட்ட அமானிதம். பாத்துக்க."

நம்பி ஒப்படைத்த பொருளை அவர்கள் அப்படிச் சொல்வார்கள். எனக்கு அர்த்தம் தெரியும். பாய்க்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

பாய் வண்டி கும்பகோணம் போய்ச் சரியாகி வந்தது. என் வண்டி அரையாண்டுப் பரீட்சை முடிந்து லீவில் போகலாம் என்று தள்ளிப்போனது. தள்ளிப்போட வைத்தது என் கையெழுத்து.

4. மல்லிகா கேட்டது

பரீட்சைக்கு முதல் நாள் சாயங்காலம். பிள்ளைகள் எல்லாம் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தார்கள். சத்தமே இல்லை. மல்லிகாவுக்கு வேலை இல்லாததால் முன்னால் வந்து என் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோயில் வளைவு வந்தது. கும்பிட்டேன். வண்டி சாய்ந்தது.

"ஏண்ணே," என்றார் மல்லிகா.

"என்னம்மா?"

"கோயில் எந்தப் பக்கம் இருக்கு?"

"இதோ, வலது பக்கம். திரும்பி வரும்போது வலதுதானே?"

"உன் வண்டி எந்தப் பக்கம் போச்சு?"

நான் கியரை மாற்றினேன்.

"காலையிலயும் இடது பக்கம் போவுது, சாயந்தரமும் இடது பக்கம் போவுது. காலையில கும்புடுதுன்ன, சரி. சாயந்தரம் என்னா, அம்மனோட கோவிச்சுக்கிட்டா போவுது?"

இதற்கு என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. ஆறு மாதமாகச் சாயங்காலமும் வண்டி ஓட்டுகிறவன் நான்தானே? வெட்கத்தோடு சொல்லுகிறேன், பதில் தயாராக வைத்திருந்தேன்.

"காலையில வான்னு கூப்புடுறா. சாயந்தரம் வீட்டுக்குப் போன்னு தள்ளி விடுறா," என்றேன்.

மல்லிகா சிரிக்கவில்லை. மீன் கூடை இறக்கிய இடத்தில் விலை படியாதபோது ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வை.

"எங்க வூட்டுக்காரரு போட்டுல சுக்கான் இப்புடி இழுத்தா, அன்னைக்கே கரையில ஏத்திப்புடுவாரு. கடலாத்தா பாத்துக்குவான்னு கும்புட்டுக்கிட்டுப் போவ மாட்டாரு. புள்ளைங்கள எறக்கிட்டு, கோயிலே இல்லாத எடத்துக்கு வண்டிய வுடு. அங்க கைய எடு. பாத்துடுவோம்."

5. கோயில் இல்லாத இடம்

கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டு, காலி வண்டியோடு தெற்கே எல்லைப் பக்கம் போனோம். வெயில் இன்னும் இருந்தது.

எங்கள் பக்கத்தில் கோயில் இல்லாத இடம் கண்டுபிடிப்பது லேசான வேலை இல்லை. ஒரு நீளமான ரோடு வந்தது. "இங்க எடுண்ணே," என்றார் மல்லிகா. "அரச மரத்தடியில பிள்ளையார் இருக்காரு," என்றேன். இன்னும் கொஞ்சம் போனோம். தர்கா. "அவங்களும் சக்தியானவங்க," என்றேன். அப்புறம் ஒரு மாதா கெபி. மல்லிகாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"நீ கண்டுபுடிக்கிறியா, கண்டுபுடிக்காம இருக்கப் பாக்குறியாண்ணே?"

அது உண்மைதான். இரண்டாவதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

கடைசியில் எல்லைக்கு முன்னால் இருக்கும் பிராந்திக் கடை வரிசை வந்தது. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்காகவே இருக்கும் கடைகள். அங்கே சாமி எதுவும் கிடையாது. இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டிருக்கும். மெதுவாகப் போய் இடது கையைக் கியரில் வைத்தேன். வலது கையை எடுத்தேன்.

வண்டி அதே மரியாதையோடு, அதே பக்தியோடு, இடது பக்கம் பிராந்திக் கடையை நோக்கிச் சாய்ந்தது.

திரும்பிப் போய் இன்னொரு முறை வந்தேன். அதே சாய்வு. மூன்றாவது முறை வரும்போது கடைக்காரர் வெளியே வந்து நின்றுவிட்டார்.

"என்னாங்க டிரைவரே, வேணும்னா எறங்கி வந்து வாங்கிக்குங்க. ஸ்கூல் பஸ்ஸயே கடைக்குள்ள வுட்டுருவீங்க போலருக்கு!"

குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் வாழ்க்கையில் பிராந்தி தொட்டவன் இல்லை. என் வண்டி என்னை அந்தக் கடை வாசலில் மூன்று முறை கும்பிட வைத்துவிட்டது.

மல்லிகா சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணே, காலையில போறப்ப கோயிலுக்கு முன்னாடி இடது பக்கம் என்னா இருக்கு?"

"குளம்," என்றேன்.

அதற்கப்புறம் வீடு வரைக்கும் என் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டிருந்தன. விபூதி எல்லாம் வேர்வையில் கரைந்து விரல் இடுக்கில் வந்துவிட்டது.

6. பூப் போட்டுப் பார்த்தேன்

மறுநாள் காலை முதல் பரீட்சை. ஒன்பதரைக்கு மணி அடித்துவிடும். வண்டியை எடுக்காவிட்டால் நாற்பத்திரண்டு பிள்ளைகளும் ரோட்டில் நிற்பார்கள். எடுக்காததற்குக் காரணம் சொன்னால் என் கையெழுத்து வெளியே வரும். வேலை போகும்.

நீங்கள் யாரும் செய்யாத தப்பு என்று நினைக்காதீர்கள். இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, இருபதில் உருட்டிக்கொண்டு, இன்றைக்கு ஒரு நாள் மட்டும் போய்விடலாம், பரீட்சை முடிந்ததும் மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்குள் ஒருவன் பேசிக்கொண்டே இருந்தான். நல்ல விதமாகத்தான் பேசினான்.

குளித்துவிட்டுச் சாமி அறையில் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் எதையாவது முடிவு செய்ய முடியாவிட்டால் பூப் போட்டுப் பார்ப்போம். ஒரு காகிதத்தில் வெள்ளைப் பூ, ஒரு காகிதத்தில் சிவப்புப் பூ. மடித்துப் போட்டுக் கண்ணை மூடி ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் வண்டியை எடு, சிவப்பு வந்தால் எடுக்காதே என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளை வந்தது. மனசு ஒப்பவில்லை. இன்னொரு முறை போட்டேன். மறுபடியும் வெள்ளை. மூன்றாவது முறை காகிதத்தை மடித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் என் மனைவி ராஜேஸ்வரி நின்றுகொண்டிருந்தார். மல்லிகா விடியற்காலையிலேயே போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார்.

"என்னாத்துக்கு பூப் போடுறீங்க?"

"வண்டிய எடுக்கவா வேணாமான்னு."

"நாப்பத்திரெண்டு புள்ளைங்க உசுருக்கா?"

"அம்மன் எடுன்னுதான் சொல்றா, ராஜி. ரெண்டு தடவ வெள்ள வந்துடுச்சு."

ராஜேஸ்வரி என்னைவிடப் பக்தி அதிகம் உள்ளவர். வெள்ளிக்கிழமை தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். விளக்குத் திரியைத் தூண்டிவிட்டுக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்:

"அம்மனுக்கா லைசன்ஸ் குடுத்துருக்காங்க? உங்களுக்குத்தானே குடுத்துருக்கு."

மூன்றாவது காகிதத்தைப் பிரிக்கவில்லை. எழுந்து போய்த் தாளாளருக்குப் போன் போட்டேன்.

"சார், வண்டிய எடுக்கல. ஸ்டியரிங் இழுக்குது."

"என்னய்யா சொல்ற? பரீட்சை அன்னைக்கிக் காலையிலயா கெட்டுப்போச்சு? நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு!"

"நேத்து வரைக்கும் நல்லா இல்ல சார். ஆறு மாசமாவே இழுக்குது. நாந்தான் சொல்லல."

அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"புள்ளைங்க அங்கங்க நிக்கட்டும். காதர அனுப்புறேன்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மல்லிகா ஒவ்வொரு நிறுத்தமாக நடந்து போய்ச் சொன்னார். நான் போலகம் நிறுத்தத்தில் பிள்ளைகளோடு நின்றேன். பெற்றவர்கள் கேட்ட கேள்விகளை எழுத இடம் போதாது. ஒரு அம்மா, "புது வண்டியாம், பூவெல்லாம் கட்டியாம், பரீட்சைக்கு மட்டும் ஓடாதாம்," என்று எனக்குக் கேட்கும்படி மகளிடம் சொன்னார்.

காதர் பாய் தன் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு நேராக எங்கள் பக்கம் வந்தார். கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். 'நான் சொன்னேன், பார்த்தாயா' என்று அவரிடமிருந்து ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன்.

"ஏறு தம்பி. நேரமாவுது," என்றார்.

பிள்ளைகளோடு பின் சீட்டில் உட்கார்ந்து போனேன். கோயில் வளைவு வந்தது. என் வண்டிப் பிள்ளைகள் பழக்கத்தில் இடது பக்கம் சாய்ந்தார்கள். பாயின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. வண்டி நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. அம்மன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. எங்கள் பிள்ளைகளுக்காகப் பள்ளியில் முக்கால் மணி நேரம் தள்ளிப் பரீட்சை வைத்தார்கள்.

7. கும்பகோணத்து மெக்கானிக்

வண்டியை ஓட்டிக்கொண்டு போவதே ஆபத்து என்று தாளாளர் கம்பெனிக்குச் சொல்லிவிட்டார். மறுநாள் ஒரு மெக்கானிக் பால் ஜாயிண்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் என் வீட்டு வாசலுக்கே வந்தார். தாளாளரும் வந்திருந்தார்.

என்னை மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடதும் வலதுமாக ஆட்டச் சொல்லிவிட்டு மெக்கானிக் அடியில் படுத்தார். கொஞ்ச நேரத்தில், "அண்ணே, எறங்கி வந்து பாருங்க," என்று குரல் வந்தது.

பெட்ஷீட்டை விரித்து நானும் படுத்தேன். ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியின் முனையில் ஒரு குண்டு, கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். மேலே மூடியிருந்த ரப்பர் கிழிந்து தொங்கியது. கிண்ணம் தேய்ந்து அகலமாகிவிட்டிருந்தது. மெக்கானிக் ஒரு சின்ன லீவரை வைத்து நெம்பினார். பெரிய பலம் போடவில்லை. குண்டு கழன்று வெளியே வந்து தொங்கியது.

"இது கழண்டுச்சுன்னா மேல நீங்க என்னதான் திருப்புனாலும் சக்கரம் கேக்காதுண்ணே."

"இன்னும் எத்தன நாள் தாங்கியிருக்கும் தம்பி?"

"அதச் சொல்ல முடியாதுண்ணே. ஒரு மாசமும் ஓடும். அடுத்த ஸ்பீடு பிரேக்கர்லயும் கழண்டுக்கும்."

எங்கள் ஸ்பீடு பிரேக்கர் குளத்துக்கு எதிரில் இருக்கிறது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. எனக்கு வேண்டியிருந்தது இன்னொரு பதில்.

"எப்பவும் இடது பக்கமே ஏன் தம்பி போச்சு?"

"ரோடு நடுவுல மேடா இருக்கும், ரெண்டு ஓரமும் சரிவு. நாம இடது ஓரமாத்தானே போறோம்? புடி வுட்டா சரிவுலதான் எறங்கும். ஏண்ணே, வேற ஏதாவது நெனச்சீங்களா?"

தாளாளர் மேலே நின்றுகொண்டிருந்தார். அவர் செருப்பு மட்டும் தெரிந்தது. அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டே, வண்டிக்கு அடியில் படுத்தபடியே, கோயில் கதை முழுவதையும் சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல தைரியம் வந்திருக்காது. சொல்லி முடித்ததும் மெக்கானிக் ஸ்பானரை நெஞ்சில் வைத்துக்கொண்டு அப்படியே படுத்திருந்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று நினைத்தேன். இல்லை.

"எங்க வீட்லயும் ஸ்கூல் வேன்லதாண்ணே புள்ள போவுது," என்றார்.

வேலை முடிந்து படிவம் புதிதாக எழுத வேண்டியிருந்தது. பழக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டேன். அதன் கீழே எழுதினேன்: 'கையை எடுத்தால் இடது பக்கம் இழுக்கிறது. ஆறு மாதமாகத் தெரியும். நான் சொல்லவில்லை.' அம்மன் துணை என்று எழுதக் கை தானாகப் போனது. அவளை இதில் இழுக்க வேண்டாம் என்று அதோடு நிறுத்திக் கையொப்பம் வைத்தேன்.

தாளாளர் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நான் முதலில் எழுதிய படிவத்தின் நகலைத் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். லீவு கேட்கப் போனாலும், பொங்கலுக்கு அவர் தரும் வேட்டியை வாங்கப் போனாலும், அந்த முத்து முத்தான கையெழுத்து என்னைப் பார்க்கும். நான் ஓய்வு பெறும் நாள் வரைக்கும் அது அங்கேதான் இருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை.

8. யார் கும்பிடுவது

சரியான வண்டியில் முதல் நாள் காலை. கோயில் வருவதற்கு முன்பே பிள்ளைகள் தயாராகிவிட்டார்கள். இடது கையால் கியரை மாற்றி உடனே ஸ்டியரிங்குக்குக் கொண்டுவந்தேன். வலது கை துடித்தது. இத்தனை வருஷப் பழக்கம். எடுக்கவில்லை. வண்டி நேராகப் போனது. பிள்ளைகள் தாங்களாகவே சாய்ந்துவிட்டு ஏமாந்து நிமிர்ந்தார்கள்.

"அங்கிள், அம்மன் ஆட்டம் வரல!"

அம்மனைப் பார்த்தும் பார்க்காதவன் மாதிரி போகிறோமே என்று இருந்தது. அப்போது பின்னாலிருந்து மல்லிகா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

"நீ ரோட்டப் பாருண்ணே. உனக்கும் சேத்து நான் கும்புட்டுக்குறேன்."

அன்றிலிருந்து அதுதான் எங்கள் ஏற்பாடு. ஸ்டியரிங் என் வேலை, கும்பிடு மல்லிகா வேலை. அவர் லீவு போட்ட நாளில் பிள்ளைகளில் யாராவது பார்த்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை நான் நடந்து போய் என் கணக்கைத் தனியாகத் தீர்த்துக்கொண்டேன்.

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, வண்டியில் எது புதிதாகத் தெரிந்தாலும், அது உங்களுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தாலும், முதலில் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். பிறகு சாமியிடம் சொல்லலாம். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். நான் விசாரித்துவிட்டேன்.

இப்போது நான் டவுனுக்குப் பஸ்ஸில் பயணியாகப் போகிறேன். கோயில் வரும்போது என் இரண்டு கையும் சுதந்திரமாக எழுகின்றன. ஆனால் கண் அம்மனிடம் போகாமல் ஓட்டுநரின் கைக்குப் போகிறது. அவர் கை ஸ்டியரிங்கை விட்டு நெற்றிக்குக் கிளம்பினால் போதும், உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்துவிடுவேன்.

"தம்பி, நீ ஓட்டு. உனக்கும் சேத்து நான் கும்புட்டுக்குறேன்."

சிலர் சிரிப்பார்கள். சிலர் முறைப்பார்கள். ஒரு கண்டக்டர் என்னை அடுத்த நிறுத்தத்தில் இறக்கியே விட்டுவிட்டார். கோயில் வாசல்தான். இறங்கி, நின்று, நிதானமாகக் கும்பிட்டுவிட்டு நடந்தேன்.